காலி டிஸ்க்கும் ஒரு காதுகுத்தும்

ஓய்வு பெற்றவனிடம் கேட்டால் பொன்மொழி கொட்டும் என்று உங்கள் மேலாளரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "புதுசா சேர்ந்திருக்கிற பசங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க சார்" என்றார். நாலு வார்த்தை போதுமென்றால் இதோ: காலி இடத்துக்குக் காவல் போடுங்கள். வேலை இருப்பவர்கள் இத்தோடு போகலாம். வேலை இருப்பதுபோல் காட்டிக்கொள்பவர்கள் மேலே படிக்கலாம். நானும் அந்த வகையில் நெடுநாள் இருந்தவன்தான்.

நான் தரவுத்தள நிர்வாகியாக இருந்தேன். சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னைக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர் என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். திருத்தினால் அடுத்த கேள்வி "அப்ப இந்தப் பிரிண்டர் உங்களுக்குத் தெரியாதா?" என்று வரும்.

தற்காலிகக் கோப்புகளைப் பற்றி நீங்கள் படித்த புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்திருக்கும். பரீட்சைக்கு வராது என்று அதையும் தாண்டிப் போயிருப்பீர்கள். மிளகாய்க் களத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அரைப் பக்கமும் தேவையில்லை. ஒரு குவியல் வத்தலைத் தரம் பிரிக்கவேண்டுமென்றால் குவியலுக்குப் பக்கத்தில் வெறுந்தரை வேண்டும். நல்லது ஒரு பக்கம் போகும், வெளுத்துப்போன சண்டு ஒரு பக்கம் போகும், காம்பு உதிர்ந்தது இன்னொரு பக்கம் போகும். வேலை முடிந்து வாரியெடுத்தால் தரை மறுபடியும் வெறுந்தரை. தரவுத்தளமும் பெரிய கணக்கை அடுக்கிப் பிரிக்கும்போது இப்படி ஒரு வெறுந்தரை கேட்கும். அது எந்த டிஸ்க்கில் எந்த இடம் என்று சொல்வது நம் வேலை. நாம் சொல்லாவிட்டால் அதுவாக இயங்குதளம் இருக்கிற டிஸ்க்கிலேயே பரப்பிக்கொள்ளும். பரப்பிப் பரப்பி இடம் தீர்ந்ததும், தரவுத்தளத்தோடு சேர்ந்து மொத்த இயந்திரமும் மூச்சை நிறுத்தும். அதனால் தற்காலிகக் கோப்புகளுக்குத் தனி டிஸ்க் கொடுப்பது நல்ல வழக்கம். நானும் கொடுத்தேன். நல்ல வழக்கங்கள் எப்படிக் கெடுகின்றன என்பதுதான் மீதிக் கதை.

அதற்கு முன் மதுரையில் என்னைப் பழக்கியவரைப் பற்றி ஒரு பத்தி. பெயர் வேண்டாம். எழுதினால் போன் செய்து எழுத்துப்பிழை சொல்வார். அவரிடம் ஒரு விதி இருந்தது. எந்த இயந்திரத்தை நிறுத்தித் தொடங்குவதாக இருந்தாலும், அதனால் எது போகும் என்று அவருக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லவேண்டும். மனசுக்குள் சொல்வது செல்லாது. புதிதாக வந்த ஒருவன் தெம்பாக, "ஒண்ணும் போகாது சார்" என்றான். அவர் தலை நிமிராமல், "ஒண்ணும் போகாதுன்னா அந்த மெஷின் இம்புட்டு நாளா எதுக்குடா ஓடுது?" என்றார். அவன் இப்போது அமெரிக்காவில் பெரிய பதவியில் இருக்கிறான். அங்கே அவனிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை போலிருக்கிறது.

இனி ஏலக் கூடம்.

ராமநாதபுரத்துக்கு வெளியே ஒரு மிளகாய் ஏலக் கூடத்தின் சர்வர் என் பொறுப்பில் இருந்தது. அங்கே நடந்தது மறைமுக ஏலம். காலையில் விவசாயிகள் வத்தலைக் குவியலாகக் கொட்டுவார்கள். வியாபாரிகள் அள்ளிப் பார்த்து, ஒன்றை உடைத்து மோந்து பார்த்து, வரிசையாக இருக்கும் கணினிகளில் தங்கள் விலையை அடிப்பார்கள். யார் என்ன விலை போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. நேரம் முடிந்ததும் கூடத்தின் தலைவரான கண்காணிப்பாளர் 'ஏலம் முடிப்பு' என்ற பொத்தானை அழுத்துவார். மென்பொருள் எல்லா விலைகளையும் அடுக்கிப் பார்த்து, எந்தக் குவியல் யாருக்கு என்று வெளியே பெரிய திரையில் காட்டும். காட்டிய நொடியிலிருந்து சரக்கு வியாபாரியுடையது. அதுவரை விவசாயி குவியலை இம்மியும் நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் அந்தக் குவியல் ஏலத்தில் இல்லை. காட்டியது ஒன்று, கட்டிக் கொடுத்தது ஒன்று என்று பழைய காலத்தில் நிறைய வழக்கு நடந்ததால் வந்த விதி அது.

சர்வருக்கு என்று ஒரு சின்ன அறை. கூடத்திலேயே குளிர்சாதனம் இருந்தது அங்கே மட்டும்தான். குளிரில் வத்தலின் நிறம் மங்காது என்று யாரோ கண்டுபிடித்ததிலிருந்து, மாதிரிக்கு எடுத்த வத்தல் சாக்குகளெல்லாம் அந்த அறைக்குள் வந்து சேர்ந்தன. பின்னாலேயே கால் உடைந்த ஒரு நாற்காலி வந்தது. அலுவலகங்களில் காலி இடம் என்று ஒன்று கிடையாது. இன்னும் எதுவும் வைக்கப்படாத இடம் மட்டும்தான் உண்டு. அந்த அறைக்குள் போகிறவர்கள் தும்மிக்கொண்டேதான் வெளியே வருவார்கள்.

அது பங்குனி மாதம். கோடைமழை வரும் என்ற பேச்சு இருந்ததால் எல்லாரும் ஒரே நாளில் வத்தலைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். கூரைக்குக் கீழே தரை தெரியவில்லை. ராக்காயி என்ற விவசாயி முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து தாமதமாக வந்தார். அவர் ஏற்றிவந்த குட்டியானை வண்டி வழியில் பஞ்சர். அதனால் அவருடைய குவியலுக்குத் திறந்த களத்தில், அதுவும் தண்ணீர் ஓடிவரும் தாழ்ந்த மூலையில்தான் இடம் கிடைத்தது. வானம் பார்த்த பூமியில் ஒரு வருடம் பாடுபட்டதெல்லாம் அந்த ஒரு குவியல். வியாபாரிகள் நல்ல வெயிலில் அதை அள்ளிப் பார்த்து விலை அடித்துவிட்டுப் போனார்கள். கடைசி ஆள் அடித்துவிட்டு எழுந்தபோது கடல் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது.

கண்காணிப்பாளர் பொத்தானை அழுத்தினார். திரையில் சக்கரம் சுற்றியது. சுற்றி முடித்து, தற்காலிகக் கோப்பு எழுத இடமில்லை என்றது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதையே சொன்னது. இயந்திரங்களிடம் எனக்குப் பிடித்த குணம் இதுதான், கெஞ்சினாலும் பேச்சை மாற்றுவதில்லை.

மென்பொருள் செய்த நிறுவனத்திலிருந்து கார்த்திக் என்ற இளைஞர் அன்று வந்திருந்தார். சென்னைக்காரர். நல்ல படிப்பு, நல்ல தும்மல்.

"டெம்ப் டிஸ்க் ஃபுல் சார்," என்றார். "வேற இடத்தைக் காட்டிட்டு ரீஸ்டார்ட் பண்ணிடலாம். ரெண்டே நிமிஷம்."

அவர் சொன்னது சரி. அந்தத் தரவுத்தளத்தில் தற்காலிகக் கோப்புகளின் இடத்தை மாற்றவேண்டுமென்றால் நிறுத்தித் தொடங்கித்தான் ஆகவேண்டும். ஓடும்போது மாற்ற முடியாது.

"செய்யலாம். எது போகும்? சத்தமா சொல்லுங்க."

"ஒண்ணும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். ஒரு தும்மல். பிறகு மெதுவாக, "இன்னைக்கு போட்ட விலையெல்லாம் போயிடும் சார்" என்றார்.

"ஏன்?"

"ரகசிய விலை இல்லையா சார். யாரும் எடுத்துப் பாக்கக் கூடாதுன்னு டிஸ்க்ல எழுதவே இல்ல. மெமரியிலதான் வெச்சிருக்கோம். ஏலம் முடிச்ச அப்புறம்தான் எழுதுவோம்."

ரகசியத்தைக் காப்பாற்ற இது சிறந்த வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். செத்தவனும் ரகசியத்தை வெளியே சொல்வதில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே முருகேசன் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். விருதுநகர்ப் பக்கத்து வியாபாரி. தங்கமான மனிதர், தங்கம்போலவே எடைபோட்டுத்தான் பேசுவார்.

"அட, நிப்பாட்டிட்டு ஆரம்பிங்க சார்," என்றார். "நாங்க என்ன ஓடியா போறோம்? மறுபடி வெல போட்டுர்றோம்."

அவருக்குப் பின்னாலிருந்து ராக்காயியின் குரல் வந்தது. "ஏன் அண்ணாச்சி, வெயில்ல பாத்த வத்தலுக்கு மேகத்தப் பாத்து வெல போடுவீகளோ?"

"இல்லத்தா, மெசினு கோளாறுன்னா யாரு என்ன செய்ய?"

"மெசினுக்கு வந்த கோளாறு ஒங்க மொகத்துல சிரிப்பால்ல தெரியுது."

நிலைமை இவ்வளவுதான். நிறுத்தினால் காலையில் போட்ட விலைகள் போய்விடும். மறுபடி விலை போடும்போது தலைக்கு மேல் மேகம் இருக்கும், விலை தரையில் இருக்கும். நிறுத்தாவிட்டால் முடிவு வராது. முடிவு வராதவரை ராக்காயி குவியலை நகர்த்த முடியாது. மேலே தார்ப்பாய் போட்டிருந்தார். மேலிருந்து வருகிற தண்ணீரைத் தார்ப்பாய் தடுக்கும், கீழே ஓடிவருகிற தண்ணீருக்கு அது என்ன செய்யும்? நனைந்த வத்தலில் பூஞ்சை பூத்தால் கோழிகூடக் கிளறாது.

"அந்த விலையை மட்டும் நாமளே ஒரு காப்பி எடுத்து வெச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணலாமே சார்?" என்றார் கார்த்திக்.

தொழில்நுட்பப்படி அது கைசொடுக்கும் வேலை. விதிப்படி, முடிவுக்கு முன் விலையை எடுத்தவன் பார்த்தவன் ஆவான். ஒரே ஒரு வியாபாரி ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் ஏலம் ரத்து. அந்த ஒரே ஒரு வியாபாரி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். இந்த விதியை எழுதியது யார் என்று கார்த்திக் கேட்டார். நான்தான் என்றேன். நல்ல விதி, இன்றைக்கும் அதை மாற்றமாட்டேன்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பாதிப் பேர் இந்த இடத்தில் இடமில்லை என்ற செய்தியை நம்பி, இடத்தைத் தேடி வெளியே ஓடுவார்கள். அந்த டிஸ்க்கை வாங்கியது நான். பத்து ஏலக் கூடத்துக்குப் போதுமான டிஸ்க் அது. அதில் இடம் இல்லையென்றால், முதல் கேள்வி வேறு எங்கே இடம் இருக்கிறது என்பதாக இருக்கக் கூடாது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதாக இருக்கவேண்டும்.

பார்த்தேன். பெரும்பகுதி, யாரோ இங்கே திருப்பிவிட்டிருந்த கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள். அவற்றை அழித்தால் தடயத்தை அழித்ததாக என்மேல் விசாரணை வரும். மீதியில் 'முக்கிய அலுவல்' என்று ஒரு கோப்புறை. திறந்தேன். உள்ளே நான்கு வீடியோக்கள். ட்ரோன், கிடாவெட்டு, பந்தி, காதுகுத்து.

கண்காணிப்பாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மாதிரிச் சாக்குகளைப் பார்த்தார்.

"பெரிய டிஸ்க்கா இருந்துச்சு சார். சும்மாதான கெடந்துச்சு," என்றார்.

உச்சிப்புளியில் அவர் வீடு. கடற்காற்றில் வீட்டுக் கணினி உப்புப் பூத்துச் செத்தது. வீடியோக்காரர் கொடுத்த பென்டிரைவும் அதே வழியில் போனது. அவருக்குத் தெரிந்த இயந்திரங்களிலேயே குளிர்சாதனத்தில் இருப்பதும், மின்சாரம் போனால் அணையாததும் இது ஒன்றுதான். பிள்ளையின் காதுகுத்து வீடியோக்களை இதில் வைத்தார். அந்த டிஸ்க்கில் அவர் எழுத முடியாதபடி நான் பூட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அலுவலகத் தலைவருக்கு எல்லா அனுமதியும் உண்டு என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. அதை எழுதியது நான் இல்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

"இத எடுத்தாகணும் சார்," என்றேன்.

"வேற எதுலயாச்சும் மாத்தி வச்சிட்டு..."

இன்னொரு டிஸ்க் சின்னது. இதை அங்கே ஏற்றினால் இயங்குதளம் நின்றுவிடும். பென்டிரைவ் செருகும் துளைகளுக்கு ஏல நேரத்தில் அரக்கு வைத்து முத்திரை. உடைத்தால் ஏலம் ரத்து. விலை போடும் கணினிகள் விலையை மட்டும்தான் அனுப்பும், கோப்பு எதையும் வாங்காது. மற்ற வெளித் தொடர்பெல்லாம் துண்டிப்பு. கார்த்திக் புத்திசாலித்தனமாக ஒன்று கேட்டார். "வீடியோவ ஓட விட்டு, போன்ல புடிச்சிடலாமா சார்?" சர்வரில் படம் ஓட்டும் மென்பொருள் எதுவும் வைக்கக் கூடாது என்று விதி. அவர் இந்த முறை யார் எழுதியது என்று கேட்கவில்லை.

"அழிச்சிட்டு அப்புறமா மீட்க முடியாதா?" என்றார் கண்காணிப்பாளர்.

"முடியாது சார். அழிச்ச எடத்து மேலதான் தரவுத்தளம் எழுதப் போகுது."

வெளியே காற்று கிளம்பியது. களத்தில் காம்புகளும் விதைகளும் சுழன்றன. ராக்காயி தார்ப்பாயின் ஒரு முனையில் உட்கார்ந்து மறுமுனையைக் காலால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"ட்ரோன மொதல்ல எடுங்க," என்றார் கண்காணிப்பாளர். "அதுக்குத்தான் தனியா ஆள் கூட்டிட்டு வந்தேன். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்கரையில எங்க குலசாமி கோயில். மேலருந்து பாத்தா கோயிலே தெரியல, கருவேலமாத்தான் தெரியுது."

நான் சுட்டியை அவர் பக்கம் தள்ளினேன். அடுத்தவர் கோப்பை நான் அழிப்பதில்லை. யார் உத்தரவு போட்டாலும் சரி. இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உத்தரவு நாளைக்கு மறந்துபோகும், அழித்த கை மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

அவரே அழித்தார். கார்த்திக் பொத்தானை அழுத்தினார். சக்கரம் முன்பைவிட அதிக நேரம் சுற்றி, இடமில்லை என்றது.

பந்தி போனது. "சித்தப்பா ரெண்டு தடவ உக்காந்து சாப்பிட்டதுக்கு இது ஒண்ணுதான் சாட்சி," என்று முணுமுணுத்துக்கொண்டே அழித்தார். இன்னும் கொஞ்சம் சுற்றியது. இடமில்லை. கிடாவெட்டும் போனது. சக்கரம் ஏறக்குறைய முழுதாகச் சுற்றியது. கார்த்திக் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். தும்மல்கூட வரவில்லை.

இடமில்லை.

"இது ஒண்ணுதான் பாக்கி," என்றேன். காதுகுத்து என்ற பெயர் மட்டும் திரையில் இருந்தது.

"அதுல எங்க மச்சான் இருக்காரு சார்."

மாதிரிச் சாக்கு ஒன்றின்மேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எம் பொண்டாட்டியோட அண்ணன். தாய்மாமன் மடியிலதான வச்சுக் குத்துவாக? புள்ள ஒதைக்கிற ஒதையில வேட்டி அவுந்து போச்சு. இவரு ஒரு கையில புள்ளயையும் ஒரு கையில வேட்டியையும் புடிச்சிக்கிட்டு, ஆசாரியப் பாத்து, 'ஏலே, வெரசா குத்துலே, மானம் போகுது'ன்னு கத்துவாரு. அந்த வருசமே போயிட்டாரு. அவரு கொரலு வேற எதுலயும் இல்ல."

விதிகளெல்லாம் எனக்குத் தெரியும். அலுவலக இயந்திரத்தில் சொந்தக் கோப்பு வைத்தால் என்ன தண்டனை, எந்தப் பிரிவு, யார் கையெழுத்து என்பதெல்லாம் மனப்பாடம். அந்த நேரத்தில் அதில் ஒன்றையும் அவரிடம் சொல்லவில்லை. விதியைச் சொல்லி அவரை அழிக்க வைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவர் பயந்து அழித்ததாக ஆகியிருக்கும். நீங்களும் ஒரு நாள் இப்படி ஒருவர் பக்கத்தில் உட்காரவேண்டி வரும். அப்போது வாயை மூடிக்கொண்டு, நேரம் போகிறதே என்று கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருங்கள். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதற்குச் சான்றிதழ் தருவதில்லை.

முதல் துளிகள் தகரக் கூரையில் விழுந்தன. அண்ணாச்சி கதவைத் தட்டி, "சார், இன்னும் என்ன யோசன? நிப்பாட்டிட்டு ஆரம்பிங்க" என்றார்.

கண்காணிப்பாளர் எழுந்து கண்ணாடி வழியாகக் களத்தைப் பார்த்தார். ராக்காயி இப்போது குவியலின் தாழ்ந்த பக்கத்தில் உட்கார்ந்து, கையால் மண்ணைக் கூட்டி அணை கட்டிக்கொண்டிருந்தார். குவியலைத்தான் நகர்த்தக் கூடாது, மண்ணை நகர்த்தலாம்.

கண்காணிப்பாளர் திரும்பி வந்து உட்கார்ந்தார். சுட்டியைப் பிடித்தார். உண்மையிலேயே அழிக்கவேண்டுமா என்று இயந்திரம் கேட்டது. அந்தக் கேள்வியை முன்னே பின்னே யோசிக்காமல் ஆயிரம் முறை தட்டிவிட்டிருக்கிறேன். அவர் அதை முழுதாகப் படித்தார். பிறகு, வெகுநேரம் கழித்து, ஆம் என்று அழுத்தினார்.

சக்கரம் சுற்றியது. நின்றது. வெளியே பெரிய திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன.

நாங்கள் மூவரும் களத்துக்கு ஓடினோம். ராக்காயியின் குவியலுக்கு நேரே முருகேசன் அண்ணாச்சியின் பெயர் இருந்தது. இரண்டாவதாக வந்தவரைவிட எங்கேயோ உயரத்தில் இருந்தது விலை. காலை வெயிலில் மனிதர் தாராளமாக இருந்திருக்கிறார். மேகம் கூடியதும் நமக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைக்காதா என்று தவித்திருக்கிறார். இப்போது அது ராக்காயியின் வத்தல் இல்லை, அவருடைய வத்தல்.

"ஏலே! வேடிக்க பாத்துக்கிட்டா நிக்கிறீக?" என்று லோடுமேன்களைப் பார்த்துக் கத்தினார். "அந்த மூலைக் குவியல மொதல்ல அள்ளுங்கலே! நனையுதுல்ல!"

அதுவரை கூரைக்குக் கீழே பீடி குடித்துக்கொண்டிருந்தவர்கள் சாக்குகளோடு பாய்ந்தார்கள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே முறத்தை எடுத்தார்.

"பைய அண்ணாச்சி, பைய," என்றார் ராக்காயி. "வழுக்கிறப் போகுது. மழைன்னா யாரு என்ன செய்ய?"

மழை பிடித்துக்கொண்டது. கடைசிச் சாக்கு கூரைக்குள் போனபின் ராக்காயி மண்ணாய் இருந்த கையை உதறிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவுமில்லை. கண்காணிப்பாளரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் சாரு, ஒத்தப் பட்டனத் தட்டுறதுக்கா இம்புட்டு நேரம்?"

"ஆமாத்தா," என்றார் அவர். "கை வரல."